ஒழுகல் பலகை

பதினோராம் மாடியில் எனக்கொரு கண்ணாடி அறை கொடுத்தார்கள்.
கதவில் ‘புத்தாக்கப் பிரிவு’,
கீழே என் பெயர், படையாச்சி, ஓர் எழுத்துப் பிழையுடன்.
மஞ்சள் ஒட்டுச்சீட்டுகள் ஆயிரம்.
உட்கார்ந்தால் எழ முடியாத மூட்டை நாற்காலிகள் ஆறு.
சன்னலுக்கு வெளியே டர்பன் துறைமுகம்
பெட்டிமேல் பெட்டியாக அடுக்கிக்கொண்டிருந்தது,
எதற்குள் என்ன என்று தெரியாதபடி.

தண்ணீர் வாரியத்தில் ஊழியர் நாலாயிரம்.
யோசனை சொல்லுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பினேன்.
முதல் மாதம் வந்தவை பதினேழு.
பதினாறு, கார் நிறுத்துமிடம் பற்றி.

பதினேழாவது நொக்வாசியுடையது.
உம்லாசியில் வீடு வீடாக மீட்டர் வாசிப்பவள்,
கெண்டைக்காலில் இரண்டு நாய்களின் கையெழுத்து.
ஒரே வரி:
‘எங்கே ஒழுகுகிறது, எத்தனை நாளாய் என்று
பணம் கட்டும் கூடத்தில் எழுதிப் போடுங்கள்.’

இதில் புதுமை எங்கே என்றார் இயக்குநர் ருங்கசாமி.
நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.
சொன்னவர் அவர் என்பதால் எதிர்த்தேன்.

சனிக்கிழமை அவளோடு நடந்தேன்.
சரிவில் ஒரு குழாய்ப் பிளவு.
அத்தனை பழையது,
யாரோ அந்த ஈரத்தில் மடும்பிக் கிழங்கு நட்டு
இரண்டு முறை தோண்டியிருந்தார்கள்.
“இதற்குப் புகார் எண் உண்டு” என்றாள் நொக்வாசி.
“மூன்று உண்டு. மூன்றும் முடிக்கப்பட்டவை.”

திங்களன்று ஏடுகளைக் கேட்டேன்.
ஆண்டறிக்கையில் வீணாகும் நீர் நூற்றுக்கு முப்பத்தொன்று,
கிடங்குப் பதிவில் நாற்பத்தேழு.
இடையிலிருந்த பதினாறு
எந்த மேசையிலும் பொய்யாக இல்லை.
ஒருவர் தசமத்தை வெட்டியிருந்தார்,
ஒருவர் சந்தேகமானதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியிருந்தார்,
இன்னொருவர் ‘உத்தேசமாக’ என்று சேர்த்திருந்தார்.
மாடிக்கு மாடி வெளுத்து
என்னிடம் வந்தபோது
படம் வரைய வாகாக இருந்தது.
வரைந்தேன். நீல நிறத்தில். இரண்டு வருடம்.

ஒழுகுதல் என்றால் தமிழில் சொட்டுவது;
நடந்துகொள்வதும் அதுவே.
கூட்டத்தில் இதை விளக்கப் பார்த்தேன்.
யாரோ பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள்.

“போடலாம், கொஞ்சம் சுத்தம் செய்துவிட்டு” என்றார் ருங்கசாமி.
கெட்டவர் இல்லை.
தண்ணீர் நின்ற ஒரு கோடையில்
கல்லோடு வந்த கூட்டத்தின் முன் தனியே நின்றவர்.
அவர் பயத்துக்கு முகவரி உண்டு.
அதனால் பலகையின் முதல் வரியை நானே நிரப்பினேன்:

படையாச்சி. கைப்பேசிச் செயலி.
செலவு நாற்பது லட்சம் ராண்ட்.
பயன்படுத்தியவர் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
அதில் நம் ஊழியர் நூற்றெண்பது.

ஒரு வாரம் லிஃப்டில் என்னோடு யாரும் பேசவில்லை.
எட்டாம் நாள் பழுதுப் பிரிவின் ம்சிமேலா
கதவைத் தட்டாமல் வந்து,
தொப்பியைக் கழற்றாமல்,
“இரண்டாம் வரியில் இடம் இருக்கிறதா?” என்றார்.

பலகை ஏறிய நாள் மழை.
வரிசையில் நின்றவர்கள் உதடசைய வாசித்தார்கள்,
ஈர ரசீதோடு விரலை ஓட்டித் தங்கள் தெருவைத் தேடினார்கள்.
யாரும் கத்தவில்லை.
அதற்கு மட்டும் நான் தயாராகியிருக்கவில்லை.
இசிபிங்கோக்காரர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து
எங்கள் ‘36 நாள்’ மேல் கோடு கிழித்து
63 என்று எழுதினார்.
பக்கத்தில் வீட்டு எண், கையொப்பம்.

காவலாளி என்னைப் பார்த்தார்.
நான் ருங்கசாமியைப் பார்த்தேன்.
அவர் அந்த 63-ஐப் பார்த்துக்கொண்டிருந்தார்,
யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

மறுநாள் அவர் கேட்டது, பலகைக்குக் கண்ணாடி மூடி.
நான் கேட்டது, நூலில் கட்டிய பேனா.
பேனாவே கட்டினோம். மாலைக்குள் களவு போய்விட்டது.
நூல் மட்டும் ஆடியது.

இந்தக் காலாண்டில் என் பிரிவு கேட்டிருப்பது ஒன்றுதான்:
பேனா, பன்னிரண்டு டஜன்.
ஒப்புதலுக்குப் போய் ஒன்பது நாளாகிறது.
அதையும் பலகையில் எழுதிவிட்டேன்.